மின்னஞ்சல் பெட்டிக் கோப்பில் பூட்டு: சொல்லும் செயலும்

ஆய்வுச் சுருக்கம்

மின்னஞ்சல்கள் பலவற்றை ஒரே கோப்பில் அடுக்கி வைக்கும் முறை யூனிக்ஸ் இயங்குதளத்தில் தோன்றி இன்றுவரை வழக்கில் உள்ளது. அஞ்சலைக் கொண்டு சேர்க்கும் நிரலும் அஞ்சலைப் படிக்கும் நிரலும் அக்கோப்பில் ஒரே வேளையில் எழுத முற்பட்டால் கடிதங்கள் ஒன்றோடொன்று கலந்து சிதையும். சில கடிதங்கள் சுவடின்றி மறையும். இதனைத் தடுக்கப் பூட்டுக்கோப்பு, கருநிரல் பூட்டு என்னும் இருவகை நெறிகள் பின்பற்றப்படுகின்றன. இக்கட்டுரை அவ்விரு நெறிகளின் செயற்பாட்டையும் குறைகளையும் விளக்குகிறது. கணினியியலில் ‘பூட்டு’ எனப்படுவது எழுதும் நிரல்கள் அனைத்தும் ஏற்றுக்கொண்டாலன்றிப் பயன்தராத ஓர் உடன்பாடு என்பதையும், அப்பொருளுக்குத் தமிழ்ச்சொல் எவ்வாறு பொருந்துகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மின்னஞ்சல், அஞ்சல்பெட்டிக் கோப்பு, பூட்டுக்கோப்பு, பகாச்செயல், அறிவுரைப் பூட்டு, கலைச்சொல்லாக்கம்.

1. முன்னுரை

கடிதம் இலக்கிய வரலாற்றுக்கும் பதிப்பு வரலாற்றுக்கும் முதன்மைச் சான்றாகும். உ.வே. சாமிநாதையருக்கு அறிஞர்கள் எழுதிய கடிதங்கள் பேணப்பட்டமையால் அவருடைய பதிப்புப் பணியின் போக்கைப் பிற்காலத்தார் நுணுகி அறியமுடிகிறது. இன்று எழுத்தாளர், ஆய்வாளர், பதிப்பாளர் ஆகியோரின் கடிதப் போக்குவரத்தில் பெரும்பகுதி மின்னஞ்சலுக்கு மாறிவிட்டது. நாளை ஒருவருடைய கடிதங்களைத் தொகுக்க முற்படும் பதிப்பாசிரியரின் கைக்கு வருவது தாள்கள் நிறைந்த பெட்டியாக இராது. பல்லாயிரம் கடிதங்கள் அடங்கிய ஒற்றைக் கோப்பாக இருக்கக்கூடும். தண்டர்பேர்டு என்னும் அஞ்சல் நிரல் இயல்பான அமைப்பில் கடிதத் தொகுதி ஒவ்வொன்றையும் இவ்வாறு ஒற்றைக் கோப்பாகவே வைக்கிறது. கூகுள் நிறுவனத்தின் டேக்அவுட் சேவை ஜிமெயில் கடிதங்களை எடுத்துத் தருவதும் இவ்வடிவத்திலேயே ஆகும்.

சுவடிப் பதிப்பில் ஏடு மாறிக் கோத்தல், ஏடு முறிதல், இடைச்செருகல் முதலிய சிதைவுகளை இனங்காணப் பதிப்பாசிரியர் பழகியிருக்கிறார். மின்னஞ்சல் கோப்பிலும் இவற்றை ஒத்த சிதைவுகள் உண்டு. அவை எவ்வாறு நேர்கின்றன, அவற்றைத் தடுக்க நிரல்கள் என்ன செய்கின்றன என்பன கணினியியலார்க்கு மட்டும் உரிய செய்திகளல்ல. அவற்றைத் தமிழில் விளக்கும் நோக்கில் இக்கட்டுரை அமைகிறது.

2. அஞ்சல்பெட்டிக் கோப்பின் அமைப்பு

1971ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிக்ஸ் முதற்பதிப்பிலேயே ‘மெயில்’ என்னும் கட்டளை இடம்பெற்றிருந்தது. ஒரு பயனருக்கு வரும் கடிதங்கள் அனைத்தையும் ஒரே கோப்பின் இறுதியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே செல்வது யூனிக்ஸ் மரபில் நிலைபெற்ற முறையாகும். இவ்வடிவம் பின்னர் ‘எம்பாக்ஸ்’ என்று பெயர் பெற்றது. பலவகையாக வழங்கிய இவ்வடிவத்திற்கு 2005ஆம் ஆண்டில் ஆர்எஃப்சி 4155 என்னும் இணைய ஆவணம் ஒரு பொது விளக்கத்தை வகுத்தது.

இக்கோப்பில் ஒரு கடிதம் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டும் அடையாளம் ஒன்றே ஒன்றுதான். ‘இன்னாரிடமிருந்து’ எனப் பொருள்படும் ‘ஃபிரம்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதனை அடுத்து ஓர் இடைவெளியும் வரியின் முதலில் நின்றால், அங்குப் புதிய கடிதம் தொடங்குகிறது என்று கொள்ளப்படும். அவ்வரியில் அனுப்புநரின் முகவரியும் நாள், நேரமும் இருக்கும். அதன்பின் கடிதத்தின் தலைப்புவரிகளும், ஒரு வெற்றுவரியும், கடிதத்தின் உடற்பகுதியும் வரும். கடிதங்களின் எண்ணிக்கையைச் சொல்லும் முகப்போ, எந்தக் கடிதம் எங்கே உள்ளது என்று காட்டும் அட்டவணையோ கோப்பினுள் இல்லை.

உடற்பகுதியிலேயே ஒரு வரி அதே சொல்லில் தொடங்கினால் நிரல் அதனைப் புதிய கடிதம் என்று மயங்கிவிடும். அம்மயக்கத்தைத் தவிர்க்கக் கொண்டுசேர்க்கும் நிரல் அவ்வரியின் முன் ஒரு கோணக்குறியை இடுகிறது. எழுதியவர் இடாத குறி இவ்வாறு பாடத்தில் நுழைகிறது. தமிழ்க் கடிதங்களின் உடற்பகுதி பெரும்பாலும் பேஸ்64 முதலிய குறிமுறைகளில் மாற்றப்பட்டே செல்கிறது. பேஸ்64 முறையில் இடைவெளியே இடம்பெறாமையால் அக்கடிதங்கள் இவ்விடைச்செருகலுக்கு ஆட்படுவதில்லை. குறிமாற்றம் இன்றி எழுதப்பட்ட ஆங்கிலக் கடிதங்களில் இதனைக் காணலாம்.

3. ஒரே வேளையில் எழுதுவதால் நேரும் சிதைவு

அஞ்சல்பெட்டிக் கோப்பைத் தொடும் நிரல்கள் இருவகைப்படும். வெளியிலிருந்து வரும் கடிதத்தைக் கோப்பின் இறுதியில் சேர்ப்பது கொண்டுசேர்க்கும் நிரல். புரோக்மெயில், போஸ்ட்ஃபிக்ஸ் நிரலின் உள்ளூர் விநியோகப் பகுதி முதலியன இவ்வகையின. பயனர் கடிதங்களைப் படிக்கவும் நீக்கவும் பயன்படுவது படிக்கும் நிரல். எல்ம், பைன், மட் முதலியன இவ்வகையின. படிக்கும் நிரல் என்று பெயர் பெற்றாலும் அதுவும் கோப்பில் எழுதும். ஒரு கடிதம் படிக்கப்பட்டது என்று குறிக்க அக்கடிதத்தின் தலைப்பில் ஒரு வரியைச் சேர்க்கவேண்டும். நடுவில் உள்ள ஒரு கடிதத்தை நீக்க, அதற்குப் பின்னுள்ள அனைத்தையும் முன்னே நகர்த்தி எழுதவேண்டும்.

இந்நிரல்கள் ஒன்றையொன்று அறியாமல் இயங்கினால் மூவகைச் சிதைவு நேரும்.

முதலாவது, மேலெழுதல். ஒரு கோப்பின் அளவு 10,000 பைட்டு என்று கொள்வோம். 3,000 பைட்டு உடைய ‘அ’ என்னும் கடிதமும் 2,000 பைட்டு உடைய ‘ஆ’ என்னும் கடிதமும் ஒரே வேளையில் வருகின்றன. அவற்றைச் சேர்க்கும் இரு நிரல்களும் கோப்பின் இறுதி 10,000ஆம் பைட்டு என்று கண்டுகொள்கின்றன. முதல் நிரல் ‘அ’ கடிதத்தை அங்கிருந்து எழுதுகிறது. இரண்டாம் நிரலும் ‘ஆ’ கடிதத்தை அதே இடத்திலிருந்து எழுதுகிறது. முடிவில் கோப்பின் அளவு 15,000 பைட்டாக இருக்கவேண்டும்; 13,000 பைட்டாகவே இருக்கும். ‘அ’ கடிதத்தின் முதல் 2,000 பைட்டுகள் அழிந்து, எஞ்சிய 1,000 பைட்டுகள் ‘ஆ’ கடிதத்தின் வாலாக ஒட்டிக்கொள்ளும். ‘அ’ கடிதத்தின் தொடக்க வரி அழிந்தமையால் அப்படி ஒரு கடிதம் வந்தது என்பதே தெரியாது. அக்கடிதம் தமிழில் எழுதப்பட்டுக் குறிமாற்றம் பெற்றிருந்தால், எம்முறையில் மாற்றப்பட்டது என்று கூறும் தலைப்புவரியும் உடன் அழிந்திருக்கும். எஞ்சிய பகுதி பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலாகவே தோன்றும்.

இரண்டாவது, இடைகலத்தல். ஒவ்வொரு முறை எழுதும்போதும் அப்போதைய இறுதியிலேயே எழுதுமாறு இயங்குதளத்தைக் கேட்டுக்கொள்ள வழி உண்டு. அதனால் மேலெழுதல் தவிர்க்கப்படும். எனினும் ஒரு நீண்ட கடிதம் பல துண்டுகளாக எழுதப்படும்போது, ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையில் மற்றொரு கடிதத்தின் துண்டு புகுந்துவிடக்கூடும். இரு சுவடிகளின் ஏடுகள் மாறி மாறிக் கோக்கப்பட்ட நிலையை இது ஒக்கும்.

மூன்றாவது, மறைதல். படிக்கும் நிரல் கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றி, நீக்கவேண்டியவற்றை நீக்கி, மீண்டும் கோப்பை எழுதுகிறது. ஏற்றியதற்கும் எழுதுவதற்கும் இடைப்பட்ட நேரத்தில் புதிய கடிதம் ஒன்று சேர்க்கப்பட்டிருந்தால், மீண்டும் எழுதும்போது அது அழிந்துபோகும். மூவகையுள் இதுவே கொடியது. முதல் இரண்டிலும் சிதைவின் தடயம் கோப்பில் எஞ்சும். இதிலோ கோப்பு ஒழுங்காகவே இருக்கும். ஒரு கடிதம் மட்டும் இராது. அனுப்பியவர் கடிதம் சேர்ந்தது என்று எண்ணுவார். பெறவேண்டியவர் கடிதமே வரவில்லை என்று எண்ணுவார்.

4. பூட்டுக்கோப்பு நெறி

4.1 அடிப்படை

இச்சிதைவுகளைத் தடுக்க நெடுங்காலமாக வழங்கும் நெறி பூட்டுக்கோப்பு ஆகும். அஞ்சல்பெட்டிக் கோப்பின் பெயர் ‘குமரன்’ என்றால், அதில் எழுத விரும்பும் நிரல் அதே கோப்புறையில் அப்பெயருடன் ஒரு புள்ளியும் ‘லாக்’ என்னும் சொல்லும் சேர்ந்த பெயரில் ஒரு சிறு கோப்பை முதலில் உருவாக்கவேண்டும். உருவாக்க முடிந்தால் எழுதும் உரிமை கிடைத்தது. எழுதி முடித்தபின் அச்சிறு கோப்பை நீக்கிவிடவேண்டும். அப்பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் வேறொரு நிரல் எழுதிக்கொண்டிருக்கிறது என்பது பொருள். அப்போது காத்திருந்து மீண்டும் முயலவேண்டும். புள்ளியை இடையில் கொண்ட பெயரால் இதனைப் புள்ளிப்பூட்டு என்றும் வழங்கலாம்.

4.2 பகாச்செயல்

இந்நெறியின் உயிர்நிலை ஒரு நுட்பத்தில் உள்ளது. ‘பூட்டுக்கோப்பு இருக்கிறதா என்று பார், இல்லையெனில் உருவாக்கு’ என்று இரு படிகளாக ஒரு நிரல் செயற்பட்டால் பயனில்லை. பார்த்ததற்கும் உருவாக்கியதற்கும் இடையில் மற்றொரு நிரலும் பார்த்துவிடக்கூடும். இரண்டும் ‘பூட்டு இல்லை’ என்று கண்டு, இரண்டும் எழுதத் தொடங்கும். எனவே பார்ப்பதும் உருவாக்குவதும் இடையில் எதுவும் புகமுடியாத ஒரே செயலாக அமையவேண்டும். இலக்கணத்தார் பகுதி, விகுதி எனப் பிரிக்கவியலாத சொல்லைப் பகாப்பதம் என்பர். அதனை ஒட்டி இத்தகைய செயலைப் பகாச்செயல் எனக் குறிக்கலாம். கோப்பைத் திறக்கும் கட்டளையுடன், ‘ஏற்கெனவே இருந்தால் தோல்வி எனத் திருப்புக’ என்னும் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தால் இயங்குதளம் அதனைப் பகாச்செயலாக நிறைவேற்றித் தரும்.

4.3 பிணையத்தில் நேரும் இடர்

பல கணினிகள் ஒரே வட்டில் உள்ள கோப்புகளைப் பிணையத்தின்வழிப் பகிர்ந்துகொள்ள உதவும் என்எஃப்எஸ் அமைப்பு 1984ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தால் உருவாக்கப்பட்டது. பல்கலைக்கழகங்களில் அஞ்சலைப் பெறும் கணினி ஒன்றாகவும் படிக்கும் கணினிகள் பலவாகவும் இருந்தமையால் அஞ்சல்பெட்டிகள் இவ்வமைப்பில் வைக்கப்பட்டன. ஆனால் என்எஃப்எஸ் நெறியின் இரண்டாம் பதிப்பில் மேற்கூறிய குறிப்பு பகாச்செயலாக நிறைவேறுவதில்லை. ஒரே கணினிக்குள் உறுதியாக இருந்த பூட்டு, கணினிகள் இரண்டானவுடன் உறுதியற்றதாயிற்று.

இதற்கு நிரலாளர்கள் கண்ட தீர்வு நுட்பமானது. யூனிக்ஸில் ஒரே கோப்புக்கு இரண்டாம் பெயரிட முடியும். ஒரு கோப்புக்கு எத்தனை பெயர்கள் உள்ளன என்னும் எண்ணிக்கையை இயங்குதளம் பேணிவரும். நிரல் முதலில் தன் கணினியின் பெயரையும் தன் இயக்க எண்ணையும் சேர்த்து, வேறு எவரும் இடமுடியாத தனிப்பெயரில் ஒரு கோப்பை உருவாக்குகிறது. பின்னர் அக்கோப்புக்குப் பூட்டுக்கோப்பின் பெயரை இரண்டாம் பெயராக இட முயல்கிறது. பெயரிடும் செயல் பிணையத்திலும் பகாச்செயலாகவே நிகழும். பெயரிடப்பட்ட பின்னரும் அதனை அறிவிக்கும் மறுமொழி வழியில் தொலையக்கூடும். அப்போது கட்டளை மீண்டும் அனுப்பப்பட்டு, ‘அப்பெயர் ஏற்கெனவே உள்ளது’ என்னும் தோல்விச் செய்தி வரும். ஆதலால் நிரல் மறுமொழியை நம்பாமல் தன் தனிப்பெயர்க் கோப்பின் பெயரெண்ணிக்கையைப் பார்க்கிறது. எண்ணிக்கை 2 என்றிருந்தால் பூட்டு தனக்கே கிடைத்தது என்று அறிகிறது. லினக்ஸ் கையேடும் இம்முறையையே பரிந்துரைக்கிறது.

4.4 கைவிடப்பட்ட பூட்டு

பூட்டுக்கோப்பை உருவாக்கிய நிரல் அதனை நீக்கும் முன் இறந்துபோனால், அல்லது மின்சாரம் நின்று கணினி அணைந்தால், பூட்டுக்கோப்பு மட்டும் எஞ்சி நிற்கும். அதன்பின் வரும் கடிதம் எதுவும் பெட்டியில் சேராது. எனவே பழைய பூட்டை நீக்கும் நெறியும் தேவையாகிறது. புரோக்மெயில் நிரல் பூட்டுக்கோப்பைக் கண்டால் இயல்பாக 8 நொடிக்கு ஒருமுறை மீண்டும் முயலும். 1,024 நொடிகளுக்கு மேல் மாறாதிருக்கும் பூட்டைக் கைவிடப்பட்டதாகக் கொண்டு நீக்கும். டெபியன் முதலிய லினக்ஸ் வெளியீடுகளில் உள்ள ‘லிப்லாக்ஃபைல்’ என்னும் நிரல்தொகுப்பில் அவ்வரம்பு 5 நிமிடம். நீண்ட நேரம் எழுதவேண்டிய நிரல் இடையிடையே பூட்டுக்கோப்பின் நேரத்தைப் புதுப்பித்துக்கொள்ளவேண்டும்.

இந்த நீக்கத்திலும் இடர் உண்டு. இரு நிரல்கள் ஒரே பழைய பூட்டைக் காண்கின்றன என்க. முதல் நிரல் அதனை நீக்கிவிட்டுத் தன் பூட்டை இடுகிறது. சற்றே பிந்திய இரண்டாம் நிரல், தான் முன்பு பார்த்த பழைய பூட்டையே நீக்குவதாக எண்ணி, முதல் நிரலின் புதிய பூட்டை நீக்கிவிடுகிறது. இப்போது இரண்டும் எழுதும். பூட்டுக்கோப்பினுள் இட்டவரின் இயக்க எண்ணை எழுதிவைத்து, அந்நிரல் உயிருடன் உள்ளதா என்று பார்ப்பது ஒருவகைக் காப்பு. எனினும் அவ்வெண் ஒரு கணினிக்குள் மட்டுமே பொருளுடையது; வேறு கணினியில் இயங்கும் நிரலைப் பற்றி அது எதுவும் கூறாது.

4.5 உரிமைச் சிக்கல்

பூட்டுக்கோப்பை உருவாக்கக் கோப்புறையில் எழுதும் உரிமை வேண்டும். எல்லாப் பயனர்களுக்கும் அவ்வுரிமையைத் தந்தால் ஒருவர் மற்றொருவரின் பெட்டிக்கு வேண்டுமென்றே பூட்டிட்டு அவருக்கு வரும் கடிதங்களைத் தடுக்க இயலும். ஆகவே பல அமைப்புகளில் அஞ்சல் குழுவுக்கு மட்டும் அவ்வுரிமை தரப்பட்டது. மட் நிரல் பூட்டிடும் பணியை மட்டும் செய்யும் ஒரு சிறு துணைநிரலைத் தனியே பிரித்து, அதற்கு மட்டும் அக்குழுவின் உரிமையைப் பெறும் வகையில் அமைந்தது.

5. கருநிரல் பூட்டு

கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் கருநிரலே பூட்டுகளைப் பேணும் முறை இரண்டாம் வகை. 1983ஆம் ஆண்டில் வெளிவந்த பிஎஸ்டி 4.2 பதிப்பு ‘ஃப்ளாக்’ என்னும் கட்டளையை அறிமுகப்படுத்தியது. இது கோப்பு முழுவதற்கும் பூட்டிடும். யூனிக்ஸின் மற்றொரு கிளையாகிய சிஸ்டம் ஃபைவ் மரபில் வளர்ந்து போசிக்ஸ் தரத்தில் இடம்பெற்றது ‘எஃப்கன்ட்ரோல்’ கட்டளை. இது கோப்பின் ஒரு பகுதிக்கு மட்டும் பூட்டிடவும் இடமளிக்கும். இவ்வகைப் பூட்டின் பெரும்பயன், நிரல் இறந்தவுடன் பூட்டும் தானே அவிழ்ந்துவிடுவதாகும். கைவிடப்பட்ட பூட்டு என்னும் சிக்கல் ஒரு கணினிக்குள் எழுவதில்லை. கோப்புறையில் எழுதும் உரிமையும் தேவையில்லை.

குறைகளும் உள்ளன. லினக்ஸ் இயங்குதளத்தில் உள்ளூர்க் கோப்புகளைப் பொறுத்தவரை இவ்விரு கட்டளைகளும் ஒன்றையொன்று அறியா. ஒரு நிரல் ஃப்ளாக் பூட்டும் மற்றொன்று எஃப்கன்ட்ரோல் பூட்டும் இட்டால் இரண்டுக்கும் பூட்டு கிடைத்துவிடும். இரண்டும் தாம் மட்டுமே எழுதுவதாக நம்பி எழுதும். லினக்ஸில் 2.6.12ஆம் பதிப்புக்கு முன்னர் ஃப்ளாக் பூட்டு என்எஃப்எஸ் கோப்புகளில் பிற கணினிகளுக்குத் தெரிவதே இல்லை. எஃப்கன்ட்ரோல் பூட்டிலும் ஒரு பொறி உண்டு. ஒரே நிரல் அதே கோப்பை வேறொரு தேவைக்காக இரண்டாம் முறை திறந்து மூடினால், முன்பு இட்ட பூட்டு முழுவதும் அவிழ்ந்துவிடும். நிரலின் ஒரு பகுதி பூட்டை நம்பி எழுதிக்கொண்டிருக்க, மற்றொரு பகுதி அறியாமலே அதனை அவிழ்த்துவிடக்கூடும்.

இவை அனைத்தினும் அடிப்படையான செய்தி ஒன்று உண்டு. இப்பூட்டுகள் அறிவுரைப் பூட்டுகள். பூட்டு இருக்கிறதா என்று கேட்கும் நிரலுக்குத்தான் கருநிரல் ‘இருக்கிறது’ என்று விடை தரும். கேளாமல் எழுதும் நிரலை அது தடுப்பதில்லை. கேளாதவரையும் தடுக்கும் கட்டாயப் பூட்டும் லினக்ஸில் இருந்தது. அது சரிவர இயங்காமையாலும் பயன்படுத்துவோர் அரியராதலாலும் 2021ஆம் ஆண்டில் வெளிவந்த 5.15ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது.

6. இரு நெறிகளும் இணையும்போது

ஓர் அமைப்பில் உள்ள நிரல்களுள் சில பூட்டுக்கோப்பையும் சில கருநிரல் பூட்டையும் பின்பற்றினால் பூட்டே இல்லாத நிலைதான் எஞ்சும். எனவே இரண்டையும் சேர்த்து இடுவது வழக்கமாயிற்று. அங்குப் புதியதொரு சிக்கல் தோன்றுகிறது. ‘அ’ நிரல் முதலில் பூட்டுக்கோப்பையும் பின்னர்க் கருநிரல் பூட்டையும் பெற முயல்கிறது. ‘ஆ’ நிரல் முதலில் கருநிரல் பூட்டையும் பின்னர்ப் பூட்டுக்கோப்பையும் பெற முயல்கிறது. இரண்டும் முதற்பூட்டைப் பெற்றுவிட்டால், ஒவ்வொன்றும் மற்றதன் கையில் உள்ளதற்காகக் காத்திருக்கும். இரண்டும் விட்டுக்கொடுக்கா, இரண்டும் எழுதா. இதனை முட்டுநிலை எனலாம்.

இதற்குத் தீர்வு வரிசையில் உள்ளது. டெபியன் லினக்ஸ் வெளியீட்டின் நெறிமுறை ஆவணம், அஞ்சல்பெட்டியைத் தொடும் நிரல்கள் யாவும் முதலில் எஃப்கன்ட்ரோல் பூட்டையும் அதன்பின் பூட்டுக்கோப்பையும் பெறவேண்டும் என்று விதிக்கிறது. அல்லது இரண்டாம் பூட்டு கிடைக்காதபோது முதற்பூட்டையும் விட்டுவிட்டு மீண்டும் தொடங்கவேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் ஆகிய நிரல்களில் எந்தப் பூட்டுகளை இடுவது என்பதையும், டவ்காட் நிரலில் அவற்றை எந்த வரிசையில் இடுவது என்பதையும் அமைப்பாளரே குறிப்பிட முடியும். அவ்வமைப்பில் உள்ள பிற நிரல்களின் வழக்கத்தை அறிந்து அதற்கேற்ப வரிசையை அமைப்பது அவர் கடமையாகிறது. இரு வரிசைகளுள் எதுவும் தன்னளவில் தவறுடையதன்று. எல்லாரும் ஒரே வரிசையைக் கைக்கொள்வதே இன்றியமையாதது.

7. ‘பூட்டு’ என்னும் சொல்லின் பொருத்தம்

மேற்கண்ட செய்திகள் கலைச்சொல் பற்றிய ஒரு வினாவை எழுப்புகின்றன. பூட்டு என்றவுடன் இன்றைய வழக்கில் நினைவுக்கு வருவது கதவுப் பூட்டு. சாவி இல்லாதவர் எவராயினும் அது தடுக்கும். உள்ளே செல்ல விரும்புவோரின் உடன்பாட்டை அது வேண்டுவதில்லை. கோப்புப் பூட்டோ அத்தகையதன்று. ஆங்கிலச் சொல்லும் கதவுப் பூட்டையே குறிப்பதால் இம்மயக்கம் மூலமொழியிலேயே உள்ளது. அச்சொல்லை ஒட்டித் தமிழில் ‘பூட்டு’ என வழங்கும்போது மயக்கமும் உடன் வருகிறது. ‘கோப்பு பூட்டப்பட்டுள்ளது’ என்னும் தொடரைப் படிக்கும் மாணவர் அக்கோப்பு காப்பாக உள்ளது என்றே பொருள்கொள்வார்.

எனினும் தமிழில் பூட்டுதல் என்னும் வினைக்கு அடைத்தல் மட்டுமே பொருளன்று. இணைத்தல், பிணைத்தல் என்பனவும் பொருளாகும். ஏர் பூட்டுதல், வண்டி பூட்டுதல், வில்லில் நாண் பூட்டுதல் என்னும் வழக்குகளை நோக்குக. செய்யுளின் முதலில் நின்ற சொல்லும் இறுதியில் நின்ற சொல்லும் இயைந்து பொருள்தருவதைப் பூட்டுவிற் பொருள்கோள் என்பதும் இப்பொருள் பற்றியே. இவ்வழக்குகளில் பூட்டு என்பது அயலாரை வெளியே நிறுத்துவதைக் குறிக்கவில்லை. இரண்டினை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவருவதையே குறிக்கிறது. நுகத்தில் பூட்டப்பட்ட காளைகள் இரண்டும் அதற்கு உட்பட்டு நடந்தால்தான் ஏர் நேராகச் செல்லும். ஒன்று நுகத்தை உதறினால் மற்றதன் ஒழுங்கும் பயனற்றுப் போகும்.

கோப்புப் பூட்டின் இயல்பு இவ்விரண்டாம் பொருளுக்கே நெருங்கியது. ஆகவே ‘பூட்டு’ என்னும் கலைச்சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. அதனை விளக்கும்போது கதவை உவமையாக்காமல் நுகத்தை உவமையாக்குவது கற்பித்தலுக்கு உதவும். இருவகைப் பூட்டுகளை வேறுபடுத்த ‘அறிவுரைப் பூட்டு’, ‘கட்டாயப் பூட்டு’ என அடைமொழி தந்து வழங்குவதும் தேவை. அடைமொழி இன்றி வெறுமனே ‘பூட்டு’ என்று பாடநூல் குறிப்பிடுமாயின் மாணவர்க்குத் தவறான நம்பிக்கை ஏற்படும்.

8. பூட்டு வேண்டாப் பெட்டி

பூட்டின் சிக்கல்கள் யாவும் பல கடிதங்கள் ஒரே கோப்பில் இருப்பதனால் விளைவன. இதனை உணர்ந்த டேனியல் ஜே. பெர்ன்ஸ்டைன், 1990களின் இடைப்பகுதியில் தாம் உருவாக்கிய கியூமெயில் நிரலுக்காக ‘மெயில்டிர்’ என்னும் அமைப்பை வகுத்தார். இதில் ஒவ்வொரு கடிதமும் தனித்தனிக் கோப்பு. பெட்டி என்பது தற்காலிகம், புதியவை, நடப்பில் உள்ளவை எனப் பொருள்படும் பெயர்களையுடைய மூன்று உட்கோப்புறைகளைக் கொண்ட ஒரு கோப்புறை. கொண்டுசேர்க்கும் நிரல் நேரம், இயக்க எண், கணினியின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்து அமைத்த தனிப்பெயரில் கடிதத்தைத் தற்காலிகக் கோப்புறையில் எழுதுகிறது. முழுவதும் எழுதி வட்டில் பதிந்தபின்னரே அதனைப் புதியவற்றின் கோப்புறைக்கு மாற்றுகிறது. மாற்றும் செயல் பகாச்செயல் ஆதலால் படிக்கும் நிரலின் கண்ணுக்கு அரைகுறைக் கடிதம் ஒருபோதும் தென்படாது. 36 மணி நேரம் தீண்டப்படாமல் தற்காலிகக் கோப்புறையில் கிடப்பது முற்றுப்பெறாத முயற்சியின் எச்சம் எனக் கொண்டு நீக்கப்படும்.

இங்குப் பூட்டு இல்லை. ஆயினும் உடன்பாடு உண்டு. தனிப்பெயரிடும் விதியையும் எழுதி முடித்தபின் மாற்றும் விதியையும் எல்லா நிரல்களும் கைக்கொண்டாலே இவ்வமைப்பு நிலைபெறும். எழுதும் நேரத்தில் ஒருவரையொருவர் காத்திருக்கவேண்டிய தேவை நீங்கியதே இதன் சிறப்பு. கடிதங்கள் பெருகுந்தோறும் கோப்புகளின் எண்ணிக்கையும் பெருகுவதால் தேடுதலும் படியெடுத்தலும் மெதுவாவது இதற்குத் தரும் விலை. ஒரு தொகுதி முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்துச்செல்லும் எளிமைக்காக எம்பாக்ஸ் வடிவம் இன்றும் நீடிக்கிறது.

9. கடிதத் தொகுப்பாளர் கருதவேண்டியன

ஒருவருடைய மின்னஞ்சல் கோப்பைப் பெற்றுத் தொகுப்பவர் மேற்கண்டவற்றிலிருந்து சில நெறிகளைக் கொள்ளலாம். கோப்பைப் படியெடுக்கும் முன் அஞ்சல் நிரலை முழுவதுமாக மூடவேண்டும். படியெடுக்கும் பொதுநிரல்கள் அஞ்சல் பூட்டு உள்ளதா என்று கேட்பதில்லை. எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் எடுத்த படியில் கோப்பின் ஒரு பகுதி பழையதாகவும் ஒரு பகுதி புதியதாகவும் இருக்கக்கூடும். ஒரு கடிதத்தின் இறுதியில் தொடர்பற்ற பகுதி ஒட்டியிருந்தால், அதனை அக்கடிதத்தின் பின்குறிப்பு என்று கொள்ளும் முன் வேறொரு கடிதத்தின் எச்சமாகலாம் என்று ஐயுறவேண்டும். வரிமுதலில் நிற்கும் கோணக்குறி எழுதியவருடையதா, நிரல் இட்டதா என்று பார்க்கவேண்டும். மறுமொழிக் கடிதங்களில் குறிப்பிடப்பட்டிருந்தும் கோப்பில் காணப்படாத கடிதம் எழுதப்படவே இல்லை என்று முடிவுசெய்தல் கூடாது. அனுப்பியவருடைய கோப்பில் அது கிடைக்கக்கூடும். ஒரு நூலுக்குப் பல சுவடிகளை ஒப்புநோக்குவது போல, ஒரு கடிதப் போக்குவரத்துக்கு இருவர் கோப்புகளையும் ஒப்புநோக்குவது இங்கும் தேவையாகிறது.

10. முடிவுரை

இக்கட்டுரையின் வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

• அஞ்சல்பெட்டிக் கோப்பில் பல நிரல்கள் ஒரே வேளையில் எழுதுவதால் மேலெழுதல், இடைகலத்தல், மறைதல் என மூவகைச் சிதைவுகள் நேர்கின்றன. அவற்றுள் மறைதல் கோப்பில் தடயம் விடுவதில்லை.

• பூட்டுக்கோப்பின் வலிமை பகாச்செயலைச் சார்ந்தது. பிணையத்திலும் நிலைக்கப் பெயரெண்ணிக்கை முறை உதவுகிறது. கைவிடப்பட்ட பூட்டு அதன் தீராக் குறையாகும்.

• கருநிரல் பூட்டு நிரலுடன் மறைவதால் அக்குறையை நீக்குகிறது. ஆயினும் அதன் வகைகள் ஒன்றையொன்று அறியாமையால் வேறு குறைகள் தோன்றுகின்றன.

• இருவகைப் பூட்டுகளையும் சேர்த்து இடும்போது எல்லா நிரல்களும் ஒரே வரிசையைப் பின்பற்றவேண்டும்.

• கோப்புப் பூட்டு அடிப்படையில் ஓர் உடன்பாடு. தமிழில் ‘பூட்டு’ என்னும் சொல்லுக்குள்ள பிணைத்தற்பொருள் இவ்வியல்பை விளக்க ஏற்றது.

நூறு நிரல்கள் நெறியைக் கைக்கொண்டு, ஒன்று மட்டும் அதனைப் புறக்கணித்தாலும் கடிதம் சிதையும். அச்சிதைவை அந்நிரலை எழுதியவர் அறியமாட்டார்; கடிதத்தை இழந்தவரும் பலமுறை அறியமாட்டார். எனவே கணித்தமிழ் பயிற்றுவோர் பூட்டிடும் கட்டளையைக் கற்பிப்பதோடு, அது எவருடைய உடன்பாட்டைச் சார்ந்துள்ளது என்பதையும் சேர்த்துக் கற்பிப்பது இன்றியமையாததாகும்.